மேற்கு ஊத்துக்கண்

ராயப்பன்பட்டி டீக்கடையில் யாராவது, "ஒங்க மக என்னண்ணே படிக்குது?" என்று கேட்டால், "எம்எஸ்ஸி கெமிஸ்ட்ரி" என்று சொல்லிவிட்டு ராஜபாண்டி டீயை உறிஞ்ச ஆரம்பித்துவிடுவார். அது பொய். ஓவியா மதுரையில் படித்துக்கொண்டிருந்தது சுற்றுச்சூழல் அறிவியல். முதலில் ஒருநாள் உண்மையைச் சொல்லித்தான் பார்த்தார். "அப்படின்னா மரக்கன்னு நடுறதா?" என்று ஒருவன் கேட்டான். "இல்லப்பா, ஆத்தோரம் பிளாஸ்டிக் பொறுக்குவாகளே, அது" என்று இன்னொருவன் அவனைத் திருத்தினான். கடையே சிரித்தது. அன்றிலிருந்து கெமிஸ்ட்ரிதான்.

அவருக்கே அந்தப் படிப்பு பிடிபடவில்லை என்பதுதான் நிஜம். பி.ஏ. வரலாறு முடித்த பிள்ளையை எப்படி அறிவியலில் சேர்த்துக்கொண்டார்கள் என்று அவருக்கு ஒரே சந்தேகம். மகள் போனில் விளக்கிப் பார்த்தாள்.

"எங்க வகுப்புல ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு படிச்சிட்டு வந்தவுகப்பா. பாறையப் பத்திப் படிச்சவன் இருக்கான், கெமிஸ்ட்ரி படிச்சவ இருக்கா, வரலாறுக்கு நான் இருக்கேன். ஒரு ஊருல ஒரு பிரச்சினைன்னா எல்லாரும் சேந்து போயி, அவுகவுகளுக்குத் தெரிஞ்சத வச்சுப் பாக்கணும். அதான் படிப்பே."

"கதம்பச் சோறுன்னு சொல்லு."

"அப்படியே வச்சுக்கங்க."

அவள் போனை வைத்த பிறகும் அவர் கொஞ்ச நேரம் முனகிக்கொண்டிருந்தார். அவருடைய கவலையெல்லாம் அப்போது கிணற்றில் இருந்தது.

ராஜபாண்டிக்கு ஒன்றரை ஏக்கரில் பன்னீர் திராட்சை. கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல். ரெண்டு வருசத்துக்கு அஞ்சு போகம் வெட்டலாம் என்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள், கம்பம் பள்ளத்து மண் அப்படி. கவாத்து பண்ணி, பழைய குச்சியை எல்லாம் நறுக்கித் தள்ளிவிட்டால், முதல் தண்ணீர் தாராளமாகப் பாய வேண்டும். அதற்குத்தான் அறுபதடிக் கிணறு. ஒருகாலத்தில் மோட்டார் ஏழு மணி நேரம் இழுத்தாலும் அடி தெரியாது. இப்போது ரெண்டரை மணியில் காற்றை உறிஞ்சிக்கொண்டு கதறுகிறது. இந்த ஆனியில் கவாத்து முடித்துப் பன்னிரண்டு நாள் ஆகியும் மொட்டு சரியாக உடையவில்லை. இந்தப் போகமும் போனால் கொடியை வெட்டிவிட வேண்டியதுதான்.

யார் காரணம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. தங்கச்சி முத்துப்பேச்சிதான். அவளுக்கு அப்பா பிரித்துக் கொடுத்த தோட்டம் கிழக்கே, ஒரு வரப்பு தாண்டினால் வந்துவிடும். கிணறு ரெண்டு பேருக்கும் பொது. ஒருநாள் அண்ணன் முறை, மறுநாள் தங்கச்சி முறை. மூன்றரை வருசத்துக்கு முன்னால் ஒரு தை மாதம் அவளும் அவள் புருசன் சுருளியும் எண்ணூறு அடிக்குப் போர் போட்டார்கள். ரெண்டு ராத்திரி ரெண்டு பகல் ரிக்கு வண்டி கத்திய கத்தலில் ராஜபாண்டிக்குத் தூக்கம் போனது. கிணற்றை எட்டிப் பார்த்தார், தண்ணீர் கீழே கிடந்தது. நேரே தங்கச்சி வாசலில் போய் நின்று ஊர் கேட்க வைதுவிட்டு, "இனி ஒன் வீட்டுத் தண்ணி ஒரு சொட்டு என் தொண்டையில எறங்குனா நான் எங்கப்பனுக்குப் பெறக்கல" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை என்றால் அந்த வீட்டோடு எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். நல்லது கெட்டது எதற்கும் போக்குவரத்து இல்லை. இப்போது அந்தப் போரை மூடச் சொல்லி மனு வேறு கொடுத்திருந்தார். ஆனி இருபத்தெட்டாம் தேதி விசாரணைக்கு ஆபீசர் வருவதாகக் கடுதாசி வந்திருந்தது. போரை மூடினால் முத்துப்பேச்சியின் திராட்சை ஒரு மாதம் தாங்காது. அது ராஜபாண்டிக்கும் தெரியும்.

இந்த நேரத்தில்தான் ஓவியா கூடப் படிக்கும் ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். மதன்குமார் பொட்டிப்புரத்துப் பையன். ஊருக்குப் பக்கத்து மலையைக் குடையப் போகிறார்கள் என்று சின்ன வயசில் இருந்து பேச்சுக் கேட்டு வளர்ந்தவன், மலைக்குள்ளே என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று ஜியாலஜி எடுத்தவன். ஜோதிகா பழனிசெட்டிபட்டி ஹார்டுவேர் கடைக்காரர் மகள். அவள்தான் நிஜமான கெமிஸ்ட்ரி. அவளைப் பார்த்ததும் ராஜபாண்டிக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"எங்க கிணத்தத்தான்ப்பா எடுத்திருக்கோம். ஏன் வத்துச்சுன்னு பாக்கப் போறோம்" என்றாள் ஓவியா.

"ஏன் வத்துச்சுன்னு பாக்குறதுக்கு மதுரையில இருந்து வரணுமாத்தா? நான் இங்கனயே சொல்றேன், எழுதிக்க. ஒங்க அத்த போரு. அத அப்படியே ரிப்போர்ட்டா அடிச்சு, யூனிவர்சிட்டி சீலக் குத்திக் குடு. ஆபீசர் வந்தாகன்னா நீட்டிருவோம்."

"இருக்குறதத்தான்ப்பா எழுத முடியும்."

"இருக்குறதே அதுதான?"

"அப்படி இருந்தா எழுதித் தாரேன். இல்லைன்னா?"

"இல்லைன்னா நான் மொட்டையடிச்சுக்கிறேன்."

"அப்பா, சும்மா சொல்லாதீக. ரெண்டு தோட்டத்துல எது பொழைக்கணுங்கிற விசயம் இது" என்றாள் அவள். குரல் கனத்திருந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை.

மறுநாள் காலையிலேயே மதன்குமார் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கினான். சாரல் தூறிக்கொண்டிருந்தது. கேரளப் பக்கமிருந்து வரும் ஆனிக் காற்று பந்தல் கம்பிகளை விடாமல் உலுக்கியது. கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ராஜபாண்டியும் படியில் பாதி தூரம் இறங்கி நின்றார். பையன் சுத்தியலால் பாறையை ஒவ்வொரு இடமாகத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டான். டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்க்கிற மாதிரியே இருந்தது.

"அப்பா, இந்த மேக்குச் சுவத்துல கூழாங்கல்லா பதிஞ்சிருக்கே, பாத்திருக்கீகளா?"

"பாக்காம? சின்னப்பிள்ளையில அதுல கால வச்சுத்தான நான் ஏறுவேன்."

"ஒண்ண எடுத்துப் பாருங்க."

ராஜபாண்டி விரலால் நெம்பி ஒரு கல்லை எடுத்தார். கோழிமுட்டை அளவு, நல்ல வழுவழுப்பு.

"உருண்டையா இருக்குல்ல? ஆறு உருட்டாம கல்லு இப்படி ஆகாதுப்பா. இங்கன ஒரு ஆறு ஓடியிருக்கு. நம்ம ஊரு, கோயிலு, மனுசன் யாரும் இல்லாத காலத்துல. அது மண்ணு மூடிக் கெடக்கு. நீங்க அதோட வயித்துலதான் இப்ப நிக்கிறீக."

ராஜபாண்டி குனிந்து படியைப் பார்த்தார். ஐம்பத்து மூன்று வருசம் இந்தத் தோட்டத்தில் நடந்திருக்கிறார். காலுக்குக் கீழே ஒரு ஆறு படுத்துக் கிடப்பதாக ஒருத்தரும் அவரிடம் சொன்னதில்லை. தலைக்கு மேலே இருபதடி உயரத்தில் வானம் வட்டமாகத் தெரிந்தது. கல்லைக் கீழே போட மனமில்லாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஒங்க கிணத்து ஊத்துக்கண்ணு அம்புட்டும் இந்த மேக்குப் பக்கந்தான் இருக்கு. கிழக்குப் பாறை இறுகிப்போன பாறை, ஒரு வெடிப்பு இல்ல. அத்த தோட்டத்துப் போரு கிழக்கதான இருக்கு? அது அறுநூறு அடிக்குக் கீழ இருக்குற தண்ணிய இழுக்குது. மேல அம்புட்டும் பைப்பு எறக்கி அடைச்சிருக்காக. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு எனக்குத் தோணல."

"ஒனக்குத் தோணல. எனக்குத் தோணுதே" என்று சொல்லிவிட்டு ராஜபாண்டி மேலேறிவிட்டார்.

மத்தியானம் ராஜபாண்டி சம்சாரம் முனீஸ்வரி கருவாட்டுக் குழம்பும் மொச்சைப்பயறும் வைத்திருந்தாள். சாப்பிட்ட கையோடு ஜோதிகா மோட்டார் ரூம் வாசலில் மூன்று கண்ணாடிக் குடுவைகளை வரிசையாக வைத்தாள். ஒன்றில் வாய்க்கால் தண்ணீர், ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மூன்றாவதில் "அத்தை போர்" என்று ஒட்டியிருந்தது. ராஜபாண்டி அந்த மூன்றாவதில் இருந்து ஒரு அடி தள்ளி உட்கார்ந்தார்.

அவள் மூன்றிலும் ஒரு மருந்தைப் போட்டாள். தண்ணீர் மூன்றும் திராட்சைச் சாறு நிறத்துக்கு மாறின. "இப்ப இந்தக் குழாயில இருந்து சொட்டுச் சொட்டா விடுவேன்ப்பா. எப்ப நீலமா மாறுதுன்னு பாருங்க. உப்பு கூடக்கூட, சொட்டும் கூடும். எண்ணுங்க."

ராஜபாண்டி வாய்விட்டு எண்ணினார். வாய்க்கால் தண்ணீர் ஒன்பதாவது சொட்டில் நீலமாக மாறியது. கிணற்றுத் தண்ணீருக்குப் பதினாறு. போர்த் தண்ணீர் முப்பது தாண்டியும் சிவப்பாகவே நின்றது. நாற்பது. ஐம்பது. ஐம்பத்து நாலாவது சொட்டில்தான் அது மாறியது. அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டுக் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாய்க்காலும் கிணறும் ஒரே வயித்துப் பிள்ளைக. போரு வேற வம்சம்" என்றாள் ஜோதிகா.

"ஏத்தா, சொட்டு எண்ணிக் கேசு ஜெயிக்க முடியுமா?" என்றார். ஆனால் முன்பிருந்த அழுத்தம் அந்தக் குரலில் இல்லை.

மேற்கே முன்னூறு அடி தள்ளி ஓடுவது நாவல்மரத்து வாய்க்கால். அந்த வாய்க்காலைப் பற்றிப் பேச்செடுத்தால் ராஜபாண்டிக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். முன்னே அது வெறும் மண் வாய்க்கால். பாதித் தண்ணீர் கரையிலேயே கசிந்து போகும், கடைமடைக்காரன் வாயில் மண்தான். பாசன சங்கத் தலைவராக நாலு வருசம் ஆபீஸ் ஆபீசாக அலைந்து, அடியிலும் பக்கத்திலும் காங்கிரீட் போட வைத்தவர் அவர். மதகுக்குப் பக்கத்தில் கல் ஒன்று நட்டு, அதில் தேதியோடு அவர் பேரையும் வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் துண்டால் அந்தக் கல்லை ஒரு துடை துடைக்காமல் வர மாட்டார்.

அந்தக் கல்லுக்குப் பக்கத்தில்தான் பிள்ளைகள் குழி வெட்ட வேண்டும் என்றார்கள். ஆளுயரக் குழி. நாலடியில் மணல் வந்தது, அதற்குக் கீழே கூழாங்கல் வந்தது. ராஜபாண்டி பைக்குள் கையை விட்டுத் தன் கல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வாய்க்காலில் இருந்து குழாய் போட்டுக் குழியை நிரப்பினார்கள். பிறகு ஜோதிகா ஒரு புட்டியில் இருந்து ஆரஞ்சு நிறச் சாயத்தைக் கரைத்து ஊற்ற, குழித் தண்ணீர் கண் கூசும் பச்சையாக மாறியது.

"ஆத்தாடி, என் கிணத்தப் பாழாக்கிராதீக."

"கண்ணாஸ்பத்திரியில கண்ணுக்குள்ள விட்டுப் பாக்குற சாயந்தான்ப்பா. ஒண்ணும் செய்யாது" என்றாள் ஜோதிகா. "இது எங்கிட்டுப் போகுதுன்னு மட்டும் பாப்போம்."

"காங்கிரீட்டு போட்ட வாய்க்காலு. எங்கிட்டும் போகாது."

"வாய்க்காத் தண்ணி போகாதுப்பா. குழித் தண்ணி போகும்ல?" என்றாள் ஓவியா. அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கல்லில் வெட்டியிருந்த தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழியில் தண்ணீர் குறையக் குறைய நிரப்பிக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள், ரெண்டு நாள், நாலு நாள் ஆயிற்று. கிணற்றில் ஒன்றையும் காணோம். ராஜபாண்டிக்குப் பழைய தெம்பு திரும்பி வந்தது. டீக்கடையில் உட்கார்ந்து, "சாயத்த ஊத்தி வச்சிருக்காகய்யா, ஹோலிப் பண்டிகைக்கு" என்று கேலி பேசினார். எட்டாம் நாள் முனீஸ்வரியிடம் விசாரணைக்கு வெள்ளை வேட்டி எடுத்து வைக்கச் சொன்னார். அதற்கு ரெண்டு மூன்று நாள்தான் இருந்தது.

ஓவியா மட்டும் அந்த எட்டு நாளும் மோட்டார் ரூமுக்குள்ளேயே கிடந்தாள். திராட்சைக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான், கவாத்துத் தேதியைச் சுவரில் எழுதி வைப்பது. அன்றைக்கு இருந்து நாள் எண்ணினால்தான் பழம் எப்போது வெட்டலாம் என்று தெரியும். முனீஸ்வரி அதோடு ஒன்றைச் சேர்த்து எழுதுவாள். முதல் தண்ணீருக்கு மோட்டார் எத்தனை மணி நேரம் இழுத்தது என்று சிவப்புப் பெயிண்டில் எழுதுவாள். பக்கத்திலேயே நாத்தனார் முறைக்கு எத்தனை மணி என்று கரிக்கட்டையால் எழுதுவாள்.

ஒன்பதாம் நாள் விடிந்து வெயில் ஏறும் நேரம். சாரல் விட்டிருந்தது. ராஜபாண்டி பல்லில் வேப்பங்குச்சியோடு வந்து கிணற்றை எட்டிப் பார்த்தார். கிழக்கே இருந்து வந்த வெயில் நேராக மேற்குச் சுவரில் விழுந்திருந்தது. கூழாங்கல் வரிசைக்குக் கீழே, ஊத்துக்கண்ணில் இருந்து, விரல் தடிமனில் பச்சை இறங்கிக்கொண்டிருந்தது. கிளி இறகு மாதிரிப் பச்சை. பாறையில் வழிந்து, தண்ணீரில் கலந்து, மெல்லச் சுருண்டு சுருண்டு பரவியது.

வேப்பங்குச்சி கிணற்றுக்குள் விழுந்தது. அவர் எடுக்கப் பார்க்கவில்லை. கிணற்று விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முன்னூறு அடி. இருட்டில், மண்ணுக்குள்ளே, ஆறு போன அதே வழியில், ஒன்பது நாள் நடந்து வந்திருக்கிறது தண்ணீர். வழி கேட்க ஆளில்லாமல் வந்து சேர்ந்துவிட்டது. கோயிலில் தீபாராதனைக்குக்கூட அவர் அப்படிக் கைகூப்பியதில்லை. கைகள் தாமாகச் சேர்ந்தன.

பிள்ளைகள் மூன்று பேரும் ஓடி வந்தார்கள். மதன்குமார் எட்டிப் பார்த்து, "வந்துருச்சு" என்று முணுமுணுத்தான். அவனும் இப்படி ஒன்றை இப்போதுதான் முதல்முறை பார்க்கிறான் என்பது முகத்தில் தெரிந்தது.

ராஜபாண்டி மகளைப் பார்த்துக் கேட்டார். "அப்ப, வாய்க்கா கசிஞ்ச தண்ணியா இம்புட்டு நாளும் என் கிணத்துக்கு வந்துச்சு?"

"ஆமாப்பா."

"நான்தான் அத அடைச்சேனா?"

ஓவியா அவர் கையைப் பிடித்து மோட்டார் ரூமுக்குள் கூட்டிப் போனாள். "நீங்களே வாசிங்கப்பா. ரெண்டாயிரத்து இருபது ஆகஸ்டு, ஏழு மணி. அடுத்த ஜனவரி, ஆறரை. மார்ச்சுல ஒங்க கல்லு நட்டாச்சு. ஜூன், அஞ்சு. நவம்பரு, மூணு. அதுக்கப்பறந்தான் தை வருது, அத்த போரு போடுறாக. போரு போட்ட பெறகு ஏப்ரல்ல எம்புட்டு? அதே மூணு. போரால ஒரு நிமிசம்கூடக் குறையல."

அவர் சுவரையே பார்த்தார். தினம் ரெண்டு வேளை வந்துபோகிற ரூம். ஒருநாளும் வாசித்ததில்லை.

"கரிக்கட்டையில எழுதுனத வாசிங்க."

கரிக்கோடு ஆவணி மாதத்தோடு நின்றிருந்தது. அதற்குக் கீழே சுவர் வெறுமையாக இருந்தது.

"இது என்ன?" என்றார்.

வாசலில் நின்ற முனீஸ்வரிதான் பதில் சொன்னாள். "ஒங்க தங்கச்சி எறைக்க வரல. ஆவணியில தண்ணி குறையவும் முறைய விட்டுட்டாக. தை வரைக்கும் அஞ்சு மாசம், ஒருநாள்கூட மோட்டாரப் போடல. நான் ஒங்ககிட்டச் சொன்னேன். நல்லதாப் போச்சு, நமக்குப் பாயட்டும்னீக."

ராஜபாண்டிக்கு ஞாபகம் இருந்தது. அப்படித்தான் சொன்னார்.

சட்டையைக்கூட மாற்றாமல் கிளம்பினார். வரப்பு வழியாகப் போனால் ரெண்டு நிமிசம், ஆனால் மூன்றரை வருசமாக அந்த வரப்பில் முள்ளை வெட்டிப் போட்டிருந்தவர் அவரேதான். ரோட்டைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. டீக்கடையைத் தாண்டும்போது ஒச்சாண்டி பெஞ்சில் இருந்தபடியே, "என்னண்ணே, கெமிஸ்ட்ரி என்ன சொல்லுது? சாயம் வெளுத்துருச்சா?" என்றான்.

"கெமிஸ்ட்ரி இல்லப்பா" என்றார் ராஜபாண்டி. "என் மக படிக்கிறது சுற்றுச்சூழல். அதுல எல்லாம் இருக்கு. கல்லு, தண்ணி, உப்பு, நாளு, தேதி, நம்ம செஞ்ச கூத்து அம்புட்டும்." ஒச்சாண்டி வாயைத் திறப்பதற்குள் தாண்டிப் போய்விட்டார்.

முத்துப்பேச்சி வாசலில் திராட்சைக்கொடி கட்டும் நாரைத் தண்ணீரில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். உள்ளே இருந்து சுருளி வேகமாக வந்தார், விசாரணைக்கு முன்னால் இன்னொரு வசவு என்று நினைத்திருப்பார்.

"ஏத்தா பேச்சி" என்றார் ராஜபாண்டி. "குடிக்கத் தண்ணி குடு."

அவள் புருசனைத் திரும்பிப் பார்த்தாள்.

"காது கேக்கலையா? தண்ணி குடுத்தா."

அவள் உள்ளே போய்ச் செம்பில் மொண்டு வந்தாள். அவசரத்தில் பாதி வழியிலேயே சிந்தியது. அவர் வாங்கி அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். ஐம்பத்து நாலு சொட்டுத் தண்ணீர். தொண்டையில் கரித்துக்கொண்டு இறங்கியது.

"உப்பா இருக்கும்ணே" என்றாள் முத்துப்பேச்சி. "பையக் குடி."

"மனுவ இன்னைக்கே திருப்பி வாங்கிர்றேன். மாப்ள, கேட்டுக்கங்க." செம்பை இறக்காமலே தங்கச்சியைப் பார்த்தார். "அஞ்சு மாசம் எறைக்காம எப்பிடித்தா கொடியக் காப்பாத்துன?"

"எங்கிட்டுக் காப்பாத்த? முக்கால் ஏக்கரு பட்டுப்போச்சுல்ல. அப்பறந்தான் போருக்குப் போனோம்."

"ஏன் முறைய விட்ட?"

"ரெண்டு தோட்டத்துக்கும் பத்தாதுன்னு தெரிஞ்சுபோச்சுண்ணே. ஒனக்குப் பொம்பளப்பிள்ள படிச்சுக்கிட்டிருந்துச்சு. கிணறு முழுசா ஒனக்குக் கெடக்கட்டும்னு நெனச்சேன்."

"இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லத்தா?"

"சொல்லத்தான் வெளிய வந்தேன்" என்றாள் முத்துப்பேச்சி. "நீ இங்கன வாசல்ல நின்னு வைஞ்சுக்கிட்டிருந்த."

ராஜபாண்டி கையில் இருந்த செம்பில் மிச்சம் இருந்ததை அடி வரைக்கும் குடித்தார். கண் நிறைந்து வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

"இன்னொரு செம்பு குடுத்தா" என்றார்.